நுரையில் தொங்கும் நத்தை

சூசைப்பிள்ளை ஐப்பசி கடைசியில் படகைக் கரையேற்றி, இஞ்சினைக் கழற்றித் தறப்பாளால் மூடிவிட்டு வந்து படுத்தாரென்றால், தை பிறக்கும்வரை அவரோடு கதைக்க ஏலாது. அறுபத்தொரு வயதில் அவருக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. வாடைக் காற்றும் மழையும் வீட்டுக்கு முன்னால் டைக் வீதிக் கரையைப் போட்டு அடிக்கிற அந்த இரண்டு மாதமும் மனிதருக்கு எல்லாமே வெறுப்பு. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். எதைக் கேட்டாலும் "ம்" என்பார்.

மனைவி மாகிரட் இதை வருசக்கணக்காகப் பார்த்தவள். மாரியைக் கடக்க அவளுக்கென்று சில வழிகள் இருந்தன. கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கோப்பி வைப்பாள். சந்தைக்குப் பனங்கிழங்கு வந்த முதல் நாளே ஒரு கட்டு வாங்கி அவிப்பாள். பத்து நிமிசம் வெயில் எறித்தாலும் தலகாணிகளை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாள்.

இந்த வருசம் வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள். மகன் அஞ்சலோ ஆனியில் கலியாணம் முடித்து, புரட்டாதியில் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போய்விட்டான். அவன் மனைவி நதீஷா பண்டாரவளைக்காரி. கலியாணத்துக்கு முன்னர் இரண்டே இரண்டு தரம்தான் கடலைப் பார்த்திருக்கிறாள்.

"இதையா மாமா குளிர்னு சொல்றீங்க? எங்க ஊர்ல இந்த நேரம் வாயத் திறந்தா புகை வரும்" என்றாள் ஒருநாள்.

போர்வைக்குள்ளிருந்து "ம்" வந்தது.

மழை விட்ட காலைகளில் அவள் குடையோடு கரைக்குப் போவாள். அலை என்ன கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். திரும்பும்போது ஒரு பொருள் கையில் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அது அவள் தனக்குத்தானே போட்ட சட்டம். அதைக் கழுவிக் குசினி யன்னலில் வைத்துப் படம் எடுத்து அஞ்சலோவுக்கு அனுப்புவாள். கல்லைப்போல இறுகிய கறுப்புக் கொட்டை ஒன்று. எந்த நாட்டு எழுத்தென்று தெரியாத ஒரு போத்தல் மூடி. இவ்வளவு அலையிலும் உடையாமல் வந்து சேர்ந்த ஒரு மின்குமிழ்.

"கடல் கழிச்சு விட்டதையெல்லாம் குசினிக்குள்ள கொண்டந்து வைக்கிறாள். மனுசர் சாப்பிடுற இடம்" என்று சூசைப்பிள்ளை மனைவியிடம் முணுமுணுத்தார்.

"முதல்ல நீங்கள் எழும்பி வந்து அந்த இடத்தில இருந்து சாப்பிடுங்கோ. பிறகு குறை சொல்லலாம்" என்றாள் மாகிரட்.

மார்கழி நடுவில் நாலு நாள் விடாமல் காற்று அடித்தது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் அது நின்றுவிட்டது. நதீஷா கரைக்குப் போய்க் கால் மணித்தியாலம் ஆகவில்லை, ஓடி வந்தாள். அவளுடைய வலது கை விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஊதா நிறமாக இருந்தது.

மாகிரட் போட்ட சத்தத்தில் சூசைப்பிள்ளை கட்டிலை விட்டுக் குதித்தார். கடலில் மிதக்கிற நீலச் சொறி என்கிற ஜெல்லிமீனின் வால் பட்டால் சவுக்கால் அடித்தமாதிரித் தடித்துவிடும், நெஞ்சு அடைக்கும். இரண்டு பேருக்கு அப்படி நடந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"வினாகிரியை எடு! பிள்ளை, கையைத் தேய்க்காதை! எரியுதோ?"

"எரியல மாமா. இது சாயம். இதுல இருந்து வருது."

அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு நத்தை. ஓடு கடதாசியைப் போல மெல்லியது, நல்ல ஊதா. வாயோடு ஒட்டி ஒரு துண்டு நுரை.

சூசைப்பிள்ளை குனிந்து பார்த்தார். "இந்த ஓட்டைக் கண்டிருக்கிறன். வெறும் ஓடு. உயிரோட ஒருநாளும் காணேல்லை."

"அங்க கரை முழுக்க இருக்கு. வாங்க மாமா, வந்து பாருங்க."

சேட்டும் போடாமல் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மனிதர் அவள் பின்னால் போனார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வாசற்படி தாண்டினார் என்பதை மாகிரட்தான் கவனித்தாள். அவளும் ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அலை வந்து நின்ற இடத்தில் ஊதாக் கோடு ஒன்று கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வளைந்து கிடந்தது. ஆயிரக்கணக்கான நத்தைகள். இடையிடையே நீலச் சொறிகள். சூசைப்பிள்ளை ஒரு தடியை எடுத்து முன்னால் நடந்து, சொறிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி அவளுக்கு வழி விட்டார். ஐம்பது வருசமாக இதே கரையில் நின்றவர், ஏதோ வேறு ஊருக்கு வந்த ஆள்போல அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு போனார்.

உயிரோடிருந்த ஏழு நத்தைகளைக் கடல் தண்ணீரோடு பேசினில் விட்டார்கள். மூன்று பேரும் மணலில் குந்தினார்கள்.

நத்தைகள் மிதந்தன. இல்லை, நுரைதான் மிதந்தது. அதன் அடியில் நத்தை தலைகீழாகத் தொங்கியது. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு ஒன்று தன் பாதத்தின் முன்பக்கத்தை மெல்லத் தண்ணீருக்கு மேலே நீட்டியது. குழந்தையின் உள்ளங்கை மாதிரி அதைக் குவித்தது. அதற்குள் கொஞ்சம் காற்றைப் பிடித்தது. பிடித்த காற்றைத் தன் வழுவழுப்பால் சுற்றி மூடி, கீழே வளைத்துக் கொண்டுவந்து, நுரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டது. ஒரு குமிழ் கூடியது. மறுபடியும் பாதம் மேலே வந்தது.

"என்ரை மாதாவே" என்றாள் மாகிரட்.

சூசைப்பிள்ளை விரலை நீட்டி நுரையைத் தொட்டார். அது கரையவில்லை. உலர்ந்த பசைபோல இறுகி இருந்தது.

நதீஷா கைபேசியில் தேடி வாசித்தாள். "இதுக்கு நீந்தத் தெரியாதாம் மாமா. பிறந்ததுல இருந்து நடுக்கடல்லயே இப்படி மிதக்குமாம். காத்து எங்க தள்ளுதோ அங்க போகும். நுரை உடைஞ்சிட்டா அவ்வளவுதான், கீழ போயிரும். அங்க காத்து இல்லையே, திரும்பக் கட்ட முடியாது."

"சாப்பாடு?"

"அந்த நீலச் சொறியத்தான் தின்னுமாம்."

"சொறியையோ?" சூசைப்பிள்ளை நிமிர்ந்தார். "நாங்கள் கண்டால் வலையை அறுத்துவிட்டுட்டு ஓடுற சாமான் அது. இந்தக் கடதாசி ஓட்டை வைச்சுக்கொண்டு இது அதைத் தின்னுதோ?"

அவர் பேசினுக்கு மேலே குனிந்தபடியே இருந்தார். தண்ணீரில் நிழல் விழுகிறதென்று போர்வையைக்கூட ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். குமிழ்களை எண்ணினார். பதினொன்று எண்ணினபோது எழுந்து, "இதுகளைத் திருப்பி விடவேணும்" என்றார்.

முன்னால் இருந்த கடலில் விடுவதில் அர்த்தமில்லை. அடுத்த அலையே திரும்பக் கொண்டுவந்து எறிந்துவிடும். அவர் மேர்வினுக்கு அழைத்தார். மேர்வின் பழைய கூட்டாளி. ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, காற்றுப் படாத உள்துறைமுகத்தில் அவனுக்குச் சின்ன ஃபைபர் படகு ஒன்று இருந்தது.

"மார்கழியில நீ போன் எடுக்கிறியோ? யாரும் செத்துப்போச்சினமோ?" என்றான் மேர்வின்.

"துறைமுக வாய்க்குக் கிட்ட ஒருக்காப் போகவேணும். நத்தை விட."

"என்ன விட?"

"நத்தை. படகை ஆயத்தப்படுத்து. வந்து சொல்லுறன்."

"நேவிக்காரன் மறிச்சுக் கேட்டால்?"

"அதையே சொல்லுவம்."

முச்சக்கர வண்டியில் மாகிரட்டும் ஏறிக்கொண்டாள்; நதீஷா பேசினை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சூசைப்பிள்ளை சாரதியைத் திட்டினார். அப்படியிருந்தும் இரண்டு நத்தைகளின் நுரை கலைந்து, அவை பேசினின் அடியில் கிடந்தன.

உள்துறைமுகம் அன்று எண்ணெய் தடவினதுபோல அமைதியாக இருந்தது. மேர்வின் மெல்ல ஓட்டினான். கொட்டியாரக் குடாவின் அலை படகைத் தூக்கத் தொடங்கிய இடத்தில் இஞ்சினை நிறுத்தினான். வழிநெடுக அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்த சூசைப்பிள்ளை பேசினைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிச் சரித்தார்.

நுரை கலைந்த இரண்டும் நேரே கீழே போயின. அந்த ஊதா நிறம் பச்சைக்குள் போய், கறுத்து, மறையும்வரை நால்வரும் பார்த்தார்கள். சூசைப்பிள்ளை சிலுவை அடையாளம் போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மற்ற ஐந்தும் மிதந்தன. ஒரு அலை அவற்றை மூடியது. போய்விட்டன என்று நதீஷா நினைத்தாள். அலை தாழ்ந்தபோது ஐந்தும் அங்கேயே இருந்தன, கொஞ்சம் தள்ளி. அடுத்த அலையிலும் அப்படித்தான். விரல் நகமளவு நுரையும் பெரிய கடலும்.

"நான் இந்தத் தண்ணியில எத்தனை வருசம்" என்று தொடங்கிய சூசைப்பிள்ளை அந்தப் பேச்சை முடிக்கவில்லை. பிறகு மருமகளைப் பார்த்து, "உன்ரை கண்ணுக்கு இதெல்லாம் எப்பிடிப் பிள்ளை தெரியுது?" என்று கேட்டார்.

"எனக்கு எல்லாமே புதுசுதானே மாமா" என்றாள் அவள்.

மாகிரட் இப்போது நத்தைகளைப் பார்க்கவில்லை. மீன்பிடிகாரன் மனைவியாக இத்தனை வருசம் இருந்தும் அவள் படகேறியது அன்றுதான். அவள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் கழுவின மரங்களும் மலைமேல் வீடுகளும், நாலு நாளைக்குப் பிறகு விழுந்த வெயிலில் ஈரமாக மினுங்கின. தான் தினமும் நடந்து திரிகிற ஊர் அதுதான் என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மூதூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வருது, திருப்பட்டோ?" என்றான் மேர்வின்.

"இன்னும் கொஞ்சம் நிப்பமே" என்றாள் மாகிரட்.

சூசைப்பிள்ளை தோளிலிருந்த போர்வையை எடுத்து அவள் தலையைச் சுற்றிப் போட்டார். "நில்லு மேர்வின்" என்றார்.