எட்டு சென்டிமீட்டர் பள்ளம்

2012 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, நகரின் வடக்குப் புறவழிச்சாலையில் ஏரிக்கு எதிரே எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாடி மாளிகையில், உரிமையாளரிடம் பணம் தீர்ந்து வேலை நின்றது. அன்று அங்கே பதினான்கு குளியலறைகள் இருந்தன. கதவு ஒன்றுகூட இல்லை.

மாளிகையைக் கட்டியவர்கள் இரண்டு மேஸ்திரிகள். கிழக்குப் பகுதியை ஒருவர் கட்டினார். மேற்குப் பகுதியைக் கட்டியவர் அவருடைய மனைவியின் அண்ணன். நடுவில் தகரம் அடித்து மறைத்திருந்ததால் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாது. கொத்துவேலை முடிந்து தகரத்தைப் பிரித்த அன்றுதான் பார்த்தார்கள்: இரண்டு தளங்களும் சேரும் நடுக்கூடத்தில், கிழக்குப் பக்கம் எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. மேல் மாடிகளிலும் அதே கதை. சூப்பர்வைசரிடம் கேட்கலாம் என்று போனால், அவர் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தார்.

அன்றிலிருந்து கிழக்கு மேஸ்திரிக்குப் பெயர் பள்ளம். சிமெண்ட் கடையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், செங்கல் சூளையிலும் அப்படித்தான். பெயரைப் பொறுத்துக்கொண்டார். மட்டம் தெரியாத ஆள் என்று யாரும் தன்னைத் தலைமை மேஸ்திரியாக வைக்காததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தன்னிடம் கரண்டி பிடிக்கக் கற்றவர்களுக்குக் கீழே பதினோரு வருடம் சுவர் வைத்தார்.

பிறகு ஒரு செவிலியர் கல்லூரி அந்த மாளிகையை வாங்கியது. கல்லூரியின் பொறியாளர் முப்பது வயதுப் பெண். பழைய வரைபடம் எதுவும் கிடைக்காததால் இரண்டு மேஸ்திரிகளையும் வரவழைத்தார்.

"எனக்கு ஒரு தலைமை மேஸ்திரி வேணும். யாரோட மட்டம் தப்புன்னு இன்னைக்குப் பார்த்துடலாம். தப்புப் பண்ணவருக்கு வேலை இல்லை. சரிதானே?"

"எனக்குச் சம்மதம் மேடம்," என்றார் மச்சான், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. "மாப்பிள்ளைக்குத்தான் சங்கடம்."

பள்ளத்தின் மனைவியும் வந்திருந்தார். சுவருக்குப் பட்டி பார்ப்பது அவர் தொழில். இந்த இரண்டு பேரையும் தனியாக அனுப்பினால் கட்டடத்தில் மிச்சம் இருப்பதும் இடியும் என்று கூடவே கிளம்பிவிட்டார்.

நீச்சல் குளத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். குளத்தில் தண்ணீர் இல்லை. ஆழமான பக்கத்தில் ஓர் அத்திமரம் மூன்றாள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. லிஃப்டுக்கு விட்ட இடத்தில் தேன்கூடு. தரைத்தளத்தில் உடைமாற்றும் அறை என்று ஒன்று இருந்தது. மனைவி அதை நாலு பக்கமும் காலடியால் அளந்து பார்த்தார்.

"நம்ம வீடு முழுசா இதுக்குள்ள போயிடும்ங்க. அதுக்கப்புறமும் ஒரு கட்டில் போடலாம்."

"எவ்வளவு துணி வெச்சிருந்தான் அந்த மனுஷன்?"

"துணி இருந்துச்சோ என்னவோ, கதவு இல்லை. எங்க நின்னு மாத்துவானாம்?"

குளியலறை ஒன்றில் தங்கநிறக் குழாய்கள் பாலித்தீன் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தன. மச்சான் ஒன்றைத் திருகிப் பார்த்தார். உறைக்குள்ளிருந்து ஒரு பல்லி வந்தது. "தண்ணி கேட்டா இப்படியா அனுப்புவீங்க," என்று குழாயைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

நடுக்கூடத்தில் வேலை தொடங்கியது. வாசல் தூணில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இருந்தது. இரண்டு மேஸ்திரிகளும் அந்தக் கோட்டை வைத்துத்தான் அன்று தளத்தின் உயரத்தைக் குறித்திருந்தார்கள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் கோட்டோடு சேர்த்துப் பள்ளம் பிடித்தார். மறுமுனையை மனைவி தூக்கிக்கொண்டு நடந்தார். உள்ளே காற்றுக் குமிழி இல்லாவிட்டால், எவ்வளவு தூரம் போனாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைக்கு அளந்தால் போதும்.

"குமிழி இருக்கா பாரு பாப்பா," என்றார் மச்சான். "உன் புருஷன் குமிழியைப் பார்த்துட்டுத்தான் அன்னைக்குக் குழி வெட்டினார்."

"அண்ணே, நீ வாயை மூடினா தண்ணி ஆடாம நிக்கும்."

மேற்கில் ஏழு இடத்தில் அளந்தார்கள். எல்லாம் கோட்டுக்குக் கீழே சரியாக நூறு சென்டிமீட்டர். கிழக்கில் ஏழு இடம். எல்லாம் நூற்றெட்டு. ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

பொறியாளர் புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கே. மேஸ்திரி, உங்களுக்கு நூத்தியெட்டுன்னு யார் சொன்னது?"

"சூப்பர்வைசர்தான் மேடம். 'கோட்டுல இருந்து நூத்தியெட்டு எறக்கு'ன்னார். அன்னைக்கும் அதான் சொன்னேன், இன்னைக்கும் அதான்."

"மேடம், எந்த ஊர்ல நூத்தியெட்டுன்னு அளவு குடுப்பாங்க?" மச்சான் சிரித்தார். "கோடுன்னா ஒரு மீட்டர். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இங்க கோணல் இல்லை, பள்ளம். அவ்வளவுதான் வித்தியாசம்."

 பள்ளம் குழாயைச் சுருட்டினார். வரைபடம் இல்லை, சூப்பர்வைசர் இல்லை, சாட்சி இல்லை. வழக்கத்தைப் பார்த்தால் மச்சான் சொல்வதுதான் நியாயம். பொறியாளர் குறிப்பேட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது மேலேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. அளவு முடிந்ததும் அவர் மீதிக் குளியலறைகளை எண்ணப் போயிருந்தார்.

"ஏங்க! அண்ணே! சண்டையை அப்படியே வெச்சுட்டு மேல வாங்க!"

முதல் மாடியில், கூடத்துக்கு நேர் மேலே, ஓர் அறையின் வாசலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மனைவி அதில் ஒரு பலகையைப் பிடுங்கியிருந்தார். ஜன்னலும் அடைபட்டிருந்ததால் மழை உள்ளே புகவில்லை. பொறியாளர் கைவிளக்கை அடித்தார்.

அந்த மாளிகையில் தரை போட்டு முடித்த ஒரே அறை அதுதான். கிழக்குப் பாதி வெள்ளைப் பளிங்கு, மேற்குப் பாதி மரப்பலகை. உரிமையாளர் பார்த்துச் சரி சொல்வதற்காக, கொத்தனார்கள் போன பிறகு வெளியூர் ஆட்கள் வந்து போட்ட மாதிரித் தரை. பளிங்கும் மரமும் சேரும் இடத்தில் மனைவி செருப்பில்லாத காலை வைத்து முன்னும் பின்னும் தேய்த்துக் காட்டினார். கால் எதிலும் தட்டவில்லை.

சுவரோரம் ஒரு சாண் அகலம் போடாமல் விட்டிருந்தார்கள். பொறியாளர் குனிந்து அளந்தார். பளிங்கும் அதன் அடியிலிருந்த கலவையும் சேர்ந்து ஒன்பது சென்டிமீட்டர். மரப்பலகை ஒரு சென்டிமீட்டர்.

பொறியாளர் இன்னொரு முறை அளந்தார். அதே கணக்கு.

"ஒன்பதுல ஒண்ணு போனா?" என்றார் மனைவி.

"எட்டு," என்றார் மச்சான், மெதுவாக.

"பள்ளம் வேணும்னே விட்டிருக்காங்க," என்றார் பொறியாளர். "தரை போட்டு முடிச்சிருந்தா ரெண்டும் ஒண்ணாயிருக்கும். ரெண்டு பேருக்கும் தனித்தனியா அளவு குடுத்திருக்கார். ரெண்டு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

பள்ளம் பளிங்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. மனைவிக்குத்தான் கோபம்.

"இதைக் கட்டின அந்த ஆறு மாசமும் ரெண்டு பேரும் என் கையால ஒரே பானைச் சோறு சாப்பிட்டீங்க. 'உனக்கு என்ன அளவு குடுத்தான்'னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"மச்சான்கிட்ட போய் அளவு கேட்கறதா?" என்றார் பள்ளம்.

"மாப்பிள்ளைகிட்ட கேட்டா என் மரியாதை என்ன ஆகும்?" என்றார் மச்சான்.

"நல்லா வளர்த்தீங்க மரியாதையை. குளத்துல நிக்குதே அத்திமரம், அதுக்குப் போட்டியா."

மச்சான் தலையைச் சொறிந்தார். பிறகு தங்கை கணவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "எழுந்திருங்க மாப்பிள்ளை. உங்க பக்கம்தான் பளிங்கு. பணக்காரப் பக்கம்."

பொறியாளர் படியிறங்கும்போது சொன்னார்: "இப்ப எனக்குத்தான் சிக்கல். ரெண்டு பேருமே தப்பு பண்ணலை, வேலை ஒண்ணுதான் இருக்கு."

"அவருக்கே குடுங்க மேடம்," என்றார் மச்சான். "நூத்தியெட்டுன்னு நான் ஒரு நாளும் நம்பலை. இத்தனை வருஷமா அந்தக் கணக்கை நூத்தியேழுன்னு கூட மாத்தாம சொல்லிக்கிட்டு இருந்தார். நானா இருந்தா மூணாம் வருஷமே ஊரோட ஒத்துப்போயிருப்பேன்."

"நெசமாவா மச்சான்?"

"மேடம் மனசு மாறறதுக்குள்ள சரின்னு சொல்லுங்க."

கல்லூரி எல்லா அறைக்கும் ஒரே வகை ஓடு பதிக்க முடிவு செய்தது. 2023 செப்டம்பர் 4 அன்று வேலை தொடங்கியது. கிழக்கு மேஸ்திரி தலைமை மேஸ்திரியாக நியமிக்கப்பட்டார். அவருடைய மச்சான் இரண்டாம் மேஸ்திரி. கிழக்குத் தளம் மூன்று மாடியிலும் எட்டு சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது. அதற்கு இருபத்தாறு நாள் பிடித்தது.