கொடுத்ததை எடுத்துப் பார்த்தல்

விநாயக்கின் நெற்றியில் மறுபடியும் வீக்கம். பாக்யலட்சுமி காய்கறிப் பையை வாசலிலேயே போட்டாள். தக்காளி உருண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. ஓடட்டும், யாருக்கு வேணும்?

"இன்னா பண்ண நீ அவனை?"

மமதா பிள்ளையின் பக்கத்திலிருந்து எழுந்தாள். எதிரே ஸ்டாண்டில் நின்ற செல்போன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே பாக்யலட்சுமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மமதா அவள் வீட்டுக்காரரின் தங்கை. தினமும் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போய், நடத்தைப் பகுப்பாய்வு படிக்கிறாள். பாக்யலட்சுமியின் மகன் விநாயக்குக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. சிலேட்டை முன்னால் வைத்தால் போதும், சுவரில் நங் நங்கென்று நெற்றியை முட்டிக்கொள்வான். தங்கச் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் இருப்பவர்கள் எல்லாம் பெரிய டாக்டர்கள் ஆயிற்றே! அடம் என்றார்கள், திமிர் என்றார்கள், தாய் கொடுத்த செல்லம் என்றார்கள். மமதா ஒருத்திதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏன் முட்டிக்கிறான்? அடம். அடம்னு எப்படித் தெரியும்? முட்டிக்கிறானே! இது ஒரு பதிலா அண்ணி? முட்டிக்கிறதுக்கு முன்னாடி இன்னா நடக்குது, பின்னாடி இன்னா நடக்குதுன்னு பாக்கணும்."

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். முன்னால் சிலேட்டு வருகிறது. அவன் முட்டியதும் எல்லோரும் பதறிப்போய்ச் சிலேட்டை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஏன் முட்டமாட்டான்? முட்டுவதற்குப் பதிலாக நம் கையைத் தட்டினாலே போதும், சிலேட்டைக் கொஞ்ச நேரம் எடுத்துவிடுவோம் என்று அவனுக்குப் பழக்கினாள். பிள்ளை கப்பென்று பிடித்துக்கொண்டான். ஒரு மாதமாக நெற்றியில் கீறல்கூட இல்லை. பாக்யலட்சுமி லைன் முழுக்கப் போய் நாத்தனாரைப் புகழ்ந்துவிட்டு வந்தாள். நாத்தனாரைப் புகழும் அண்ணியை அந்த லைனில் அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை.

நேற்றுதான் வந்தது வினை. கல்லூரியிலிருந்து கொர்னேலியஸ் சார் போன் செய்தார். பிள்ளை தானாகவேகூடச் சரியாகியிருக்கலாமாம். கொடுத்ததை எடுத்துப் பார்க்க வேண்டுமாம்; அதாவது, அவன் கையைத் தட்டினாலும் சிலேட்டை எடுக்கக் கூடாதாம். முட்டுவது திரும்பி வந்து, மறுபடி கொடுத்ததும் நின்றால்தான் மமதாவின் வேலைக்கு அது சான்றாம்.

"வேற வழியே இல்லியா?" என்று பாக்யலட்சுமி கேட்டாள்.

"கீது அண்ணி. இன்னும் ரெண்டு புள்ளைங்களுக்கு ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா இதேமாதிரி கத்துக்குடுத்துக் காட்டலாம். ஆனா இந்த வருசம் படிப்பு முடியாது."

"அடுத்த வருசம் முடி. எம் புள்ள மண்டையில கைவைக்காத."

சரி என்று தலையாட்டினாள் மமதா. அப்படித் தலையாட்டிவிட்டுத்தான் இன்றைக்கு இந்த வீக்கம்.

பாக்யலட்சுமி செல்போனைப் பிடுங்கி, எடுத்ததை ஓடவிட்டாள். விநாயக் அத்தையின் கையைத் தட்டுகிறான். அத்தை அசையவில்லை. மறுபடி தட்டுகிறான். மறந்துவிட்டாளோ என்று நினைத்தானோ என்னவோ, அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து இழுத்து, அதைக் கொண்டே அவளைத் தட்டிக் காட்டுகிறான். அப்புறம் எழுந்து சுவரிடம் போகிறான். மமதாவின் கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டுகிறது; சிலேட்டை மட்டும் எடுக்கவில்லை.

"அழுதுக்கினே செஞ்சியா? அழுதுட்டா சரியாப்பூடுமா, பாவி?"

"நிரூபிக்கலன்னா யாரும் ஒத்துக்கமாட்டாங்க அண்ணி..."

"எவன் ஒத்துக்கணும்? நான் ஒத்துக்கினேனே, பத்தலியா? எங்கப்பா நந்திதுர்க் சுரங்க ஷாஃப்ட்ல ஆளுங்க போற கேஜை ஏத்தி எறக்குனவரு. கீழருந்து மணி அடிச்சா மேல தூக்கணும். தூக்காம வுட்டா இன்னா ஆவுதுன்னு எவனாவது வேடிக்கை பாப்பானா? அவன் நீ சொல்லிக்குடுத்த மாதிரியேதானடி கேட்டான்!"

மமதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவே மறுபடி குடுத்தா உடனே நின்னுடும் அண்ணி. அந்தக் கடைசிப் பாகத்தை மட்டும் எடுத்துக்கறேன். இல்லன்னா என் கிராஃப் அவன் முட்டிக்கறதோட நின்னுடும்."

"நிக்கட்டும். பாக்கறவங்க அப்பாலே இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க இல்ல? நீயே நின்னு பதில் சொல்லு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் கொடுத்தாள், தேங்காய் எண்ணெய் தடவினாள். எல்லாம் சரியாகிவிடும், தன் கையைத் தட்டிக் கேட்டால் உடனே எடுத்துவிடலாம் என்றுதான் சிலேட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். தன் கையையும் அவனுக்கு எட்டுகிற மாதிரி நீட்டி வைத்துக்கொண்டாள்.

"தட்டு கண்ணா. அம்மா எடுத்துர்றேன். தட்டுடா."

விநாயக் அந்தக் கையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து நேராகச் சுவருக்குப் போனான்.

அவள் பாய்ந்துபோய் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்தாள். விரல் முட்டிகள் சுவரில் நசுங்கின. அவன் முட்டிக்கொண்டே இருந்தான்.

"மமதா!" லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "உடனே நின்னுடும்னு சொன்னியே, வந்து பாருடி! எம் புள்ள கேக்கறதையே வுட்டுட்டான்!"