வாரேன் என்ற சொல்

தறி ஓடும்போது சென்னியப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. எடப்பாடியில் முதலாளி சின்னண்ணனின் விசைத்தறிப் பட்டறைச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனாலேயே அந்த இடம் அவனுக்குப் பிடித்திருந்தது. கரண்டு போனால்தான் வேதனை. மற்றவர்கள் பீடியும் கேலியுமாகக் கூடிவிடுவார்கள். எப்போது சிரிப்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் நூல் சுற்றிய தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருப்பான். ஊர் அவனுக்கு வைத்த பெயர் கிறுக்கன். பெயர் வைக்க ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? போன பட்டறையிலெல்லாம் அவனை விரட்டினார்கள். சின்னண்ணன் மட்டும், "அவஞ் சோலிய அவன் பாக்கறான், உடுங்க" என்றார்.

சேர்ந்த அன்று மாலை, "போறேனுங்க" என்று கிளம்பினான். சின்னண்ணனின் மனைவி சௌந்திரம் பதறிவிட்டாள். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்றாள். அதன்பின் ஒருநாளும் அவன் தவறியதில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் சின்னண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சுடுகாடுவரை போய்த் திரும்பிய சென்னியப்பன் சௌந்திரத்தின் முன் நின்று, "போயிட்டு வாரேனுங்க" என்றான். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும்; சொன்னால் இன்னொரு சாவை அழைப்பது போல. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த அதை அவனுக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. சௌந்திரத்தின் தம்பி தீர்த்தகிரி அவன் சட்டையைப் பிடித்துத் தள்ளினான்.

"இன்னொரு எழவு உழோணுமாடா? இனி இந்தப் பக்கமே வராதே."

என்ன தப்புச் செய்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் ஆளில்லை. காரியம் முடிந்து தறிகள் மறுபடி ஓடின. சத்தம் அவன் வீடுவரை கேட்டது. உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே அழுதான்.

ஒரு காலையில் சௌந்திரம் வெறும் நெற்றியோடு அவன் வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாரும் சொல்லாமத்தான் போனாங்க சாமி. அப்பறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கலே. நீ ஒருத்தந்தான் வாரேன்னு சொன்னே. ஏன் வரலே?"

"உங்க தம்பி வரப்படாதுன்னாருங்க."

"நாஞ் சொன்னனா?"

அவன் யோசித்துப் பார்த்தான். அவள் சொல்லவில்லைதான். சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதை வழியில் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

அன்று மாலை தறி நின்றதும் அவள் முன்னே வந்து நின்றான். இது இன்னும் சாவு வீடுதானா, எது சொன்னால் சரி என்று தெரியாமல் பயந்தான்.

"சொல்லிட்டுப் போ சாமி" என்றாள் சௌந்திரம்.