மரக்கடை வரை கார்

மரக்கடையின் பின்பக்கம் காரை நிறுத்துவாள். டிக்கியைத் திறந்து மடக்குச் சைக்கிளை எடுத்து விரிப்பாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொள்வாள். பிறகு பாட்டிலைத் திறந்து நெற்றியிலும் கழுத்திலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வாள். அந்தக் கடைசிக் காரியத்தைச் செய்யும்போது மட்டும் சுற்றுமுற்றும் பார்ப்பாள். அங்கிருந்து பல்கலைக்கழக வாசல் இரண்டே தெரு.

ஊரைக் காரிலிருந்து இறக்குவதுதான் அங்கே அவளுக்கு வேலை. சைக்கிளில் வாருங்கள், பஸ்ஸில் வாருங்கள், நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் வாருங்கள் என்று துறை துறையாகப் போய்ப் பேசுவாள். வளாகத்துக்குள் கார் நிறுத்த அனுமதி தருவதும் அவள் கையில்தான் இருந்தது. முதல் கூட்டத்தில், தன் கார் கண்ணாடியில் இருந்து உரித்து வந்த கார் அனுமதி ஸ்டிக்கரை மேடையிலேயே கிழித்துப் போட்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றைக்கு அது உண்மை. நெடுந்தூரம் சைக்கிள் மிதித்துத்தான் வந்துகொண்டிருந்தாள். சைக்கிளம்மா என்ற பெயரும், வாசலில் தொங்கிய அவளுடைய பெரிய படமும் அப்போது வந்தவை.

அப்புறம் அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. தனியே விட முடியாமல், காலையில் காரில் கொண்டுபோய் அக்கா வீட்டில் விட வேண்டியிருந்தது. அன்றே சொல்லியிருந்தால் யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது நீண்டுகொண்டே போயிற்று.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று.

வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருநாள் அவள் அறைக்கு வந்திருந்தாள். கணவனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. காலையில் பிசியோதெரபி பயிற்சி நிலையத்தில் விட்டுவிட்டு நேரே வேலைக்கு வர வேண்டும். கார் நிறுத்த ஓர் இடம் வேண்டும்.

"எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கும்மா," என்றாள் இவள். "நானே எவ்வளவு தூரத்துலேர்ந்து மிதிச்சு வர்றேன், பாருங்க."

ஆய்வகக்காரி இவளுடைய ஈரக் கழுத்தைப் பார்த்தாள். "சரி மேடம், நீங்களே வர்றீங்கன்னா..." என்று எழுந்து போய்விட்டாள். சண்டை போட்டிருக்கலாம். அந்த 'சரி'தான் முள்ளாகத் தங்கிவிட்டது.

இன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவை அக்காவிடம் விட்டுவிட்டு வரும் வழியில் சிக்னலில் நின்றாள். பஸ் நிறுத்தத்தில் ஆய்வகக்காரி நனைந்துகொண்டு நின்றிருந்தாள். நிரம்பி வழிந்த பஸ் ஒன்று நிற்காமலே போயிற்று. அதைத் துரத்திய அவள் பார்வை, திரும்பும்போது இந்தக் காரில் வந்து விழுந்தது.

குனிந்துகொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கை தானாகவே கதவைத் திறந்துவிட்டது.

ஆய்வகக்காரி ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டில் கிடந்த தலைக்கவசத்தைப் பார்த்தாள். வைப்பர் போய்ப் போய் வந்தது.

"அவரு எப்படி இருக்காரு?"

"இப்பல்லாம் பயிற்சிக்குப் போறதில்ல மேடம். ரெண்டு தடவ பஸ்ல ஏத்திப் பாத்தேன். படியிலயே உக்காந்துட்டாரு. விடுடின்னாரு, விட்டுட்டேன்."

மரக்கடை வந்தது. அவள் கால் பழக்கத்தில் பிரேக்கைத் தேடியது; வண்டி வேகம் குறைந்தது.

"இங்கதான் நிறுத்துவீங்களா?" ஆய்வகக்காரியின் குரலில் கோபம் இல்லை. "நான் வேணா இறங்கி நடக்கறேன். நீங்க சைக்கிள எடுத்துக்கோங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். வண்டியை நிறுத்தாமல் ஓட்டினாள்.

வாசலில் தடுப்புக்கட்டை இறங்கியிருந்தது. காவலாளி குடையோடு குனிந்தார்.

"அட, சைக்கிளம்மாவா! என்ன மேடம், இன்னிக்குக் கார்ல? சைக்கிள் பஞ்சரா? இல்ல, மழைக்குப் பயந்துட்டீங்களா?"

பொய் இரண்டு, கழுவித் தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல. எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆய்வகக்காரி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பஞ்சர் இல்லண்ணே. நான் தினமும் கார்லதான் வர்றேன். மரக்கடை வரைக்கும்."

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க ஒண்ணு மேடம், காலங்காத்தால! போங்க, போங்க." கட்டை மேலே ஏறியது.

நகர்ந்தால் போதும். உண்மையைச் சொன்னதாகவும் ஆகும், யாரும் நம்பாததாகவும் ஆகும். எதிரே அவள் படம் மழையில் நனைந்து கொண்டிருந்தது. தான் தினமும் தெளித்துக்கொள்ளும் அதே நெற்றியில், அதே கழுத்தில், தண்ணீர் வழிந்தது.

இஞ்சினை அணைத்தாள்.

"அண்ணே, விளையாட்டு இல்ல. எனக்கு அனுமதி கிடையாது. கட்டைய இறக்குங்க. அந்தப் படத்தையும் எடுத்துடுங்க."

முதல் தடவை சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. காவலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆய்வகக்காரியை ஒருமுறை பார்த்தார், இவளைப் பார்த்தார்.

அப்போது பின்னாலிருந்து சைக்கிள் மணிச்சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு ஒரு கூட்டமாக.

"முதல்ல வண்டிய ஓரம் கட்டுங்க மேடம்," என்றாள் ஆய்வகக்காரி, திரும்பிப் பார்த்தபடி. "சைக்கிள்ல வந்தவங்கல்லாம் நனையறாங்க."