பேர்த்தெடுத்த படி

தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய தையல்காரி, வீட்டு வாசலில் கால் வைக்கப்போய்த் தடுமாறினாள். படியைக் காணோம். கருங்கல் கிடந்த இடத்தில் ஈரமண் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"உன் வீட்டுக்காரர்தான் ஆளுங்களோட வந்து பேர்த்துட்டுப் போனாரு," என்றாள் எதிர்வீட்டுக்காரி, சன்னலை விட்டு நகராமல். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

அவள் கணவர் பஸ் டிரைவர். கால்வாயின் பழைய மதகைச் சீர்செய்யும் தன்னார்வலர்களோடு ஞாயிறுதோறும் போய்வருகிறவர். முன்பொரு வெள்ளத்தில் மதகு இடிந்தபோது தெருவே அதன் கல்லை அள்ளியது. அவள் அப்பா அள்ளியது அந்தப் படிக்கல் ஒன்றுதான். வீடும் அப்பா கட்டியது. டிரைவர் அங்கே வீட்டோட மாப்பிள்ளை.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மதகுக்குப் போனாள். சுண்ணாம்புக் கலவையில் கல்லை அப்போதுதான் பதித்திருந்தார்கள்.

"எங்கப்பா வீட்டுப் படிய எடுக்க நீங்க யாரு?"

"உங்கப்பா மட்டும் காசு குடுத்தா வாங்கினாரு? மதகுக் கல்லுதானே," என்றார் டிரைவர்.

"தெருவுல எல்லார் வீட்லயும்தான் இருக்கு. போய்ப் பேருங்களேன் பாப்போம்!"

குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற இன்ஜினியர் நடுவில் வந்தார். "அம்மா, இது வரலாறும்மா."

"வரலாறுன்னா போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கலாமே சார். கடப்பாரை எதுக்கு?"

"வீட்ல சம்மதம்னு இவர்தான் சொன்னாரு."

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் மண்வெட்டியைப் பார்த்தார்.

"நான் எப்பங்க சம்மதிச்சேன்?" அவள் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவையெல்லாம் சுண்ணாம்பு. "இதத் தூக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

இன்ஜினியர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். கடைசியில், "தூக்குங்கப்பா," என்றார் எரிச்சலோடு. டிரைவர் ஒரு முனையைப் பிடிக்க வந்தபோது ஒருவன் தோளால் இடித்து விலக்கினான். "அடுத்த வாரம் நீங்க வர வேணாம்," என்றார் இன்ஜினியர், அவர் முகத்தைப் பார்க்காமலே.

கல்லை வாசலில் தொப்பென்று போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் போனார்கள். அடியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததால் கல் ஒரு பக்கம் தூக்கி நின்றது. அவள் ஏறி மிதித்துப் பார்த்தாள்.

"ஆடுது."

"சரி பண்றேன்," என்றார் டிரைவர்.

"பண்ணுங்க. பண்ணி முடிச்சிட்டு உள்ள வந்தா போதும்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. எதிர்வீட்டுச் சன்னலில் இப்போது இரண்டு தலைகள். ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்ட டிரைவர் உளியைத் தேடினார். அது வீட்டுக்குள் இருந்தது.