என் முகம் வாங்கிய கடன்

வங்கியில் அந்தப் பெண் கணினித் திரையை என் பக்கம் திருப்பியபோது மணி பத்து இருபது. பிப்ரவரி நான்கு, செவ்வாய்க்கிழமை. அவளுடைய சட்டையில் இன்ஜு என்று பெயர் குத்தியிருந்தது.

"வீட்டுக்கடன் தர முடியாதுன்னு வந்திருக்கு" என்றாள்.

"எதுக்கு?"

"தொண்ணூத்தொரு நாளா பாக்கி வெச்சிருக்கீங்களே."

"யாரு?"

"நீங்கதான். கம்ஷாத், இது உங்க அடையாள எண்தானே?"

எண் என்னுடையதுதான். ஒவ்வோர் இலக்கமாக இரண்டு முறை சரிபார்த்தேன். போன வருடம் மார்ச் ஐந்தாம் தேதி மாலை ஏழு நாற்பதுக்கு, இணையத்தில் சில்லறைக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் நான் மூன்று லட்சம் டெங்கே வாங்கியிருக்கிறேன். அந்த நிறுவனத்தின் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை.

"ஏழு தவணை ஒழுங்கா கட்டியிருக்கீங்க. ஒரு நாள்கூடத் தள்ளிப்போகலை. நவம்பர்லேருந்து ஏன் நிறுத்திட்டீங்க?" என்று இன்ஜு கேட்டாள். நன்றாகப் படித்துவந்த பிள்ளை திடீரென்று தேர்வில் தோற்றதைக் கேட்கும் குரல்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை நான்தான் வாங்கிவிட்டு மறந்துபோனேனோ என்று தோன்றியது. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள் நான். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் ஒரே நோயாளிக்கு மூன்று முறை நேரத்தை உறுதிசெய்து திட்டு வாங்குகிறவள். அப்படிப்பட்டவளால் ஒரு கடனை மறக்க முடியுமா? முடியாது என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"இப்பவே மொத்தமா கட்டிட்டா?" என்று கேட்டேன்.

"பாக்கி தீர்ந்துடும். ஆனா தாமதம்னு பதிவானது போகாது, பல வருஷம் நிக்கும். நீங்க வாங்கவே இல்லைன்னு போலீஸ் எழுதிக் கொடுத்தா மட்டும்தான் அழிப்பாங்க."

நாங்கள், அதாவது நானும் அம்மாவும், மைகுதுக் பகுதியில் கரி அடுப்பு வைத்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். மார்ச் கடைசிக்குள் காலிசெய்ய வேண்டும். ஆறு வருடம் சேமித்து, இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். விற்கிற அம்மாள் பிப்ரவரி இருபத்தெட்டுவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கரித்தட்டைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"போன வருஷம் ஃபிரிட்ஜ் வாங்கலாமான்னு கேட்டியே, அதா இருக்குமோ?"

"நாமதான் வாங்கலையே அம்மா."

"வாங்கலைன்னா ஃபிரிட்ஜ் எங்க?" என்றாள் அம்மா. அவளுக்கே அது சரியான கேள்வியாகப் படவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போன வருடத்து நோட்டை எடுத்தேன். மாலை நேரக் கணக்கியல் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், எங்கள் ஆசிரியை ஸாகிரா அபாய் (எங்கள் ஊரில் ஆசிரியையை அபாய் என்போம்), தினமும் தேதி, நேரம் போட்டு நடந்ததைக் குறித்து வையுங்கள், கணக்கர் கை அப்படித்தான் பழகும் என்றார். மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கு விடத் தெரியவில்லை.

மார்ச் ஐந்து: "வகுப்பு ஆறரை. தேய்மானம். புரிந்தது போலவும் இருக்கிறது, புரியாதது போலவும் இருக்கிறது. இடைவேளையில் அபாய்க்கு மகளிர் தின வாழ்த்து வீடியோ என்று ஷினார் எடுத்தாள். எனக்கு மட்டும் மூன்று தடவை. சிரித்தால் பல் அதிகம் தெரிகிறது. எட்டு முப்பதுக்கு முடிந்தது. பேருந்து வரவில்லை."

ஏழு நாற்பதுக்கு நான் வகுப்பில் இருந்திருக்கிறேன்! அது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. நான் வாங்கவில்லை. மூச்சு வந்தது.

அன்று மாலை வகுப்பில் ஷினாரிடம்தான் முதலில் சொன்னேன். எங்கள் வகுப்புத் தலைவி அவள். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு எல்லாருடைய அடையாள அட்டை நகலையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். பிறந்தநாளுக்குப் பணம் சேர்க்க உறை சுற்றவிடுவதும், வியாழக்கிழமைகளில் எண்ணெயில் பொரித்த பௌர்சாக் உருண்டைகளைச் சூடாகக் கொண்டுவருவதும் அவள்தான்.

"அய்யோ ஜானிம், என் கண்ணு, உனக்கா இப்படி?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "போலீசுக்கெல்லாம் போகாதே. அங்க ஒரு வருஷம் நடக்க வைப்பாங்க. கட்டித் தொலைச்சிடு. பாதி நான் தரேன்."

"பதிவு போகாதாம் ஷினார்."

"எல்லாம் போகும். யார் சொன்னா அந்த பேங்க்காரியா? அவளுக்கு என்ன தெரியும், நகம் வளர்க்கத் தெரியும்."

நான் சிரித்துவிட்டேன், பிறகு அழுதும்விட்டேன். அன்று நோட்டில் எழுதியது: "இப்படி ஒரு தோழி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை."

ஆனாலும் வியாழக்கிழமை காலை காவல் நிலையத்துக்குப் போனேன். ஷினாரிடம் சொல்லவில்லை. அவள் பேச்சைக் கேட்கவில்லையே என்று குற்ற உணர்வாக இருந்தது. விசாரணை அதிகாரி மார்லெனுக்கு என் வயதுதான் இருக்கும். என் புகாரைப் படித்தார், கடன் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிய கோப்பைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நீ வாங்கலைன்னு சொல்றே?"

"ஆமா."

"நல்லா யோசிச்சு சொல்றியா?"

"யோசிச்சு... ஆமா."

திரையைத் திருப்பினார். கடன் கேட்டவரின் முகத்தைச் சரிபார்க்க எடுத்த வீடியோ ஓடியது.

அதில் நான் இருந்தேன்.

வேறு யாரோ என் பெயரில் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒட்டுவேலை, மங்கலான படம், யாரோ ஒரு பெண். அப்படி எதுவும் இல்லை. என் பச்சைக் கம்பளிச்சட்டை. என் புருவத்துத் தழும்பு. நேராகப் பார்க்கிறேன், இடப்பக்கம் திரும்புகிறேன், வலப்பக்கம் திரும்புகிறேன், கண்ணை மூடித் திறக்கிறேன், சிரிக்கிறேன். பல் அதிகம் தெரிகிறது.

"இதுவும் நீ இல்லையா?" என்றார் மார்லென். "உன்னை யாரும் கட்டிப்போட்டு எடுத்த மாதிரி தெரியலையே. கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிச்சிட்டிருக்கே."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்படியென்றால் நான்தான் வாங்கினேன். எனக்குள் நானறியாத இன்னொருத்தி இருக்கிறாள், கடன் வாங்குகிறாள், ஏழு மாதம் ஒழுங்காகக் கட்டுகிறாள், என்னைவிட ஒழுங்கானவள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றேன்.

போட்டார். இந்த முறை என் முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்தேன். இடப்பக்கம் திரும்பும்போது காதுக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டவணை தெரிந்தது. அதன் கீழ் மூலை கிழிந்து, மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. அந்த நாடாவை ஒட்டியவள் நான். கணக்குத் தலைப்புகளின் அட்டவணை, எங்கள் வகுப்பறைச் சுவர்.

"லெஃப்ட்ல திரும்பு. இப்ப ரைட். கண்ணை மூடித் திற. சிரி ஜானிம், அபாய்க்கு வாழ்த்து சொல்றோம், கருமாதிக்குப் போகலை." ஷினாரின் குரல் அப்படியே கேட்டது. மூன்று தடவை எடுத்தாள். அந்த வாழ்த்து வீடியோவை யாரும் ஒருபோதும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

நோட்டைப் பையிலிருந்து எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவரே தேடிப் படித்தார். நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

"நீ எழுதினதை நீயே சாட்சியா கொண்டுவந்தா நான் என்ன பண்ண? அந்த வீடியோ வேற யாரை எடுத்தா?"

"எல்லாரையும்."

"எல்லாரையும்னா?"

"வகுப்புல எட்டு பேரையும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அன்று மாலை ஆறரைக்கு வகுப்பில் ஷினார் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமைகளில் பௌர்சாக் வாங்கிக்கொண்டு கால் மணி தாமதமாகத்தான் வருவாள். நான் எழுந்து நின்றேன். இரண்டு வருடத்தில் கேட்காமல் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை.

"எல்லாரும் ஃபோனை எடுங்க. அரசு செயலியில கடன் விவரம் இருக்கும், அதைத் திறந்து போன வருஷம் மார்ச் பாருங்க."

"என்ன, பரீட்சையா?" என்றார் ஒரின்பாய் அகா. டாக்சி ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. "எனக்குக் கடனே கிடையாது. கடன் வாங்கறவன் ஆம்பளையே இல்லைன்னு என் பொண்டாட்டிகிட்ட தினமும் சொல்றேன்."

"பாருங்க அகா."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தார். பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிற லாரிஸா அக்காதான் முதலில் பேசினாள்.

"மூணு லட்சம்" என்றாள். பிறகு யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல், "இது என்னது? இது என்னது?" என்றாள்.

"எனக்கும்." பின்வரிசையிலிருந்து.

"எனக்கும். அஞ்சாம் தேதி, ஏழு ஐம்பத்திரண்டு."

"அன்னிக்கு இடைவேளையிலதான், அபாய்க்கு வாழ்த்துன்னு ஷினார் நம்மளை வீடியோ எடுத்தா" என்றேன்.

ஒரின்பாய் அகா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஸாகிரா அபாய் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்தபடி, "மார்ச் அஞ்சு... போன வருஷம் எனக்கு நீங்க பூதான் கொடுத்தீங்க. வீடியோ எதுவும் வரலையே" என்றார்.

"ஏப்ரல்ல அவ தம்பி கல்யாணம்" என்றாள் லாரிஸா அக்கா மெதுவாக. "முந்நூறு பேருக்கு விருந்து. நாமல்லாம் போனோமே."

அந்த விருந்து எல்லாருக்கும் நினைவு வந்தது. மேசைக்கு மேசை குதிரை இறைச்சி, பாடகர்கள், சம்பந்திகளுக்கு வெல்வெட் மேலங்கி. நாங்கள் ஆளுக்கொரு உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு, இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு வசதி என்று பேருந்தில் பேசிக்கொண்டு வந்தோம்.

"அப்போ நான் ரெண்டு தடவை மொய் வெச்சிருக்கேன்!" என்றார் ஒரின்பாய் அகா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவர் முகம் சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

அப்போது கதவு திறந்தது. ஷினார், தொப்பியில் பனி, கையில் எண்ணெய் படர்ந்த காகிதப் பொட்டலம்.

"என்ன எல்லாரும் இப்படி இருக்கீங்க? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். பிறகு ஃபோன்களைப் பார்த்தாள். எட்டுப் பேரில் ஏழு பேர் கையில் ஃபோன். என் கையில் நோட்டு.

மறுப்பாள் என்று நினைத்தேன். சத்தம் போடுவாள், என்னைப் பைத்தியம் என்பாள், நானும் பாதி நம்பிவிடுவேன் என்று பயந்தேன். அவள் பொட்டலத்தை முதல் மேசையில் வைத்தாள்.

"மாசா மாசம் கட்டினேனே" என்றாள். "எட்டு பேருக்கும், ஒரு நாள்கூடத் தவறாம. அக்டோபர்ல நான் நடத்தின கடை போச்சு, அதான் நின்னுடுச்சு. நீங்களே கட்டியிருந்தாக்கூட இவ்வளவு ஒழுங்கா கட்டியிருக்க மாட்டீங்க." என்னைப் பார்த்தாள். "உன் பேரை நான் கெடுக்கலை கம்ஷாத். ஏழு மாசம் நல்லாத்தானே வெச்சிருந்தேன்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவே இல்லை. இன்று வரை இதை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். என்னிடம் நன்றியை எதிர்பார்த்தாள் என்றுகூடத் தோன்றியது.

"பாதி தரேன்னியே" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

"தரேன்னுதான் சொன்னேன். இப்பவும் தரேன். புகாரை வாபஸ் வாங்கிக்கோ."

அவளுக்கு நான் புகார் கொடுத்ததைச் சொல்லவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"முடியாது ஷினார். நீ பணத்தைக் கட்டினாலும் தாமதம்னு எழுதினது அப்படியே இருக்கும். எங்களுக்கு மார்ச்ல வீடு இல்லை" என்றேன்.

மறுநாள் காலை காவல் நிலையத்தில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மார்லென் ஒவ்வொரு வீடியோவாகப் போட்டார். எட்டு முகத்துக்கும் பின்னால் அதே மஞ்சள் நாடா. எல்லா வீடியோவிலும் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரின்பாய் அகா சிரித்த சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிப்ரவரி இருபத்தெட்டு போனது. சுடுதண்ணீர் வரும் வீட்டை அந்த அம்மாள் ஒரு புதுமணத் தம்பதிக்கு விற்றுவிட்டாள். மார்ச் கடைசியில் அம்மாவும் நானும் மூட்டைகளோடு லாரிஸா அக்காவின் ஓர் அறைக்குப் போனோம். ஏப்ரல் பதினேழாம் தேதி, காவல்துறைக் கடிதத்தின்பேரில் என் பதிவு திருத்தப்பட்டது. அந்தக் கடன் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஏழு நல்ல தவணைகளும் அதோடு போயின.

மே மாதம் இன்னொரு வீடு. நான்காவது மாடி, அம்மாவின் முழங்காலுக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதே இன்ஜுவின் மேசை.

"எல்லாம் சரியா இருக்கு. கடைசியா முகச் சரிபார்ப்பு" என்று ஃபோனை என் முன்னால் நீட்டினாள். "நேரா பாருங்க. இப்ப இடது பக்கம் திரும்புங்க."

கழுத்து திரும்பவில்லை. திருப்பத்தான் முயன்றேன். என் கண் அவளுடைய விரலிலும் ஃபோனின் பின்பக்கத்திலுமே நின்றது. திரையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"முகம் பொருந்தலைன்னு வருது" என்றாள் இன்ஜு. மறுபடி எடுத்தாள். மறுபடி பொருந்தவில்லை. "மூணாவது தடவையும் வரலைன்னா பூட்டிக்கும். கொஞ்சம் சாதாரணமா இருங்களேன்."

"அதை என்கிட்ட கொடுங்க" என்றேன்.

"நாங்கதான் பிடிக்கணும், அதான் வழக்கம்."

"நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. ஃபோன் என் கையில இருக்கட்டும்."

என்ன நினைத்தாளோ, கொடுத்தாள். திரையின் மேலே வங்கியின் பெயர் இருந்தது. அதன் கீழே தொகை, தவணைக் காலம், வீட்டு முகவரி. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். பிறகு ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடித்து, இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் திரும்பினேன், கண்ணை மூடித் திறந்தேன்.

சிரிக்கச் சொல்லி வந்தது. சிரிப்பு வர வெகுநேரம் ஆனது. இன்ஜு காத்திருந்தாள்.