ஆறடி நாயகி

வகுப்பில் அவளை எல்லாரும் ஃபியூஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடம் வீடு வீடாக வயரிங் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தாறு வயதில் நாடக ஒளியமைப்பில் முதுகலை படிக்க வந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? எந்த விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டும்போதே அவள் சொல்லி முடித்திருப்பாள். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

படிப்பை முடிக்க ஒரே பரீட்சைதான் பாக்கி. ஒரு நாடகத்துக்கு அவளே முழுக்க விளக்கு அமைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்ப்பார். தவறினால் இன்னும் ஒரு வருடம். இரண்டு வருடமாகச் சமையலையும் பிள்ளைகளையும் தலையில் போட்டுக்கொண்ட வீட்டுக்காரர், மூன்றாவது வருடம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

விளக்குகளைக் குறிவைக்கிற நாளில் நடிகர்கள் வரமாட்டார்கள். கையில் கிடைத்த யாரையாவது அவர்கள் நிற்கும் இடத்தில் நிறுத்தி, அந்த முகத்தைப் பார்த்துத்தான் விளக்கைத் திருப்பி முடுக்குவது வழக்கம். அன்றைக்கு நிற்க வேண்டிய மாணவிக்குக் காய்ச்சல். மனைவி மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த வீட்டுக்காரர் வசமாக மாட்டிக்கொண்டார்.

கடைசிக் காட்சியில் நாயகி மாடிப்படி இறங்கி வந்து, தரையில் நின்று, வீட்டை விட்டுப் போகிறேன் என்று மூன்று நிமிடம் பேசுவாள். அந்த இடத்தில் அவர் நின்றார். அவள் ஏணியில் ஏறி நாலு விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பி, வெளிச்சம் வேறெங்கும் சிந்தாமல் விளக்கின் வாயிலுள்ள தகடுகளால் இறுக்கமாக வெட்டிவிட்டாள். கண் கூசுகிறது என்று அவர் முனகியதற்கு, நாயகி முனகக் கூடாது என்றாள். வேலை முடிந்ததும் ஏணி பக்கத்து அரங்கத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் பரீட்சை.

மறுநாள் இரண்டு மணிக்கு ஒத்திகை, ஆறு மணிக்கு நாடகம். ஒத்திகையில் நாயகி இறங்கி வந்து நின்றாள். வெளிச்சம் அவள் வகிட்டை லேசாகத் தடவிவிட்டு, பின்னால் மாடிப்படியில் போய் விழுந்தது. முகம் கும்மிருட்டு.

ஒளிக் கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வீட்டுக்காரர் ஆறடி ஒரு அங்குலம். நாயகி ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. சுவிட்ச் போர்டை எத்தனை அடி உயரத்தில் வைக்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்தியவள், பதினான்கு வருடமாக அண்ணாந்து பார்க்கிற மனிதரின் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் கோட்டை விட்டிருக்கிறாள்.

ஏணியைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நாளைக்குத்தான் தருவார்களாம். டைரக்டரான வகுப்புத் தோழன், பன்னிரண்டு வயது இளையவன், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். குதிகால் செருப்பு போட்டுவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். நாயகி வெறுங்காலோடு போகிறவள் என்று அவன் எரிந்து விழுந்தான்.

ஃபியூஸ் அக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். படியின் உயரம் ஏழு அங்குலம், அகலம் பத்து. ஒரு படி மேலே நின்றால் முகம் ஏழு அங்குலம் உயரும். பத்து அங்குலம் பின்னால் போவதால், முன்னாலிருந்து சரிந்து வருகிற வெளிச்சமும் ஏறக்குறைய அவ்வளவு தாழ்ந்து கிடைக்கும். குறைவது பதினைந்து, கிடைப்பது பதினேழு. அவளுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது.

"தம்பி, பேச்சு முழுக்க அவ கடைசிப் படியிலயே நிக்கட்டும்."

"முடியாதுக்கா. அவ கால் தரையில படணும். அப்பதான் வீட்ட விட்டுட்டான்னு அர்த்தம்."

"படட்டும். கடைசி வரியச் சொல்லிட்டு இறங்கட்டும். நான் விளக்கத் தொடமாட்டேன்."

செய்து பார்த்தார்கள். படியில் நின்று பேசியபோது அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூடத் தப்பவில்லை. பேசி முடித்து இறங்கியதும் முகம் இருட்டுக்குள் போய்விட்டது. அவள் விட்டுவந்த மாடிப்படியில் மட்டும் வெளிச்சம் அப்படியே நின்றது. இப்படியே இருக்கட்டும் என்றான் டைரக்டர். மாலையில் அந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை நேர்காணல். தேர்வாளர் அம்மாள் குறிப்பேட்டைப் புரட்டி, அந்தக் காலிப் படியைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் நிறுத்தினார். அது முதலிலேயே திட்டமிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

"இல்ல மேடம். தப்பா குறிவெச்சுட்டேன். வீட்டுக்காரர நிக்க வெச்சேன், அவர் ஆறடி."

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது. ஆனா தப்பும் என்னுதுதான், அந்தப் படியும் என்னுதுதான். ஒண்ண மட்டும் எப்படி எடுத்துக்கறது?"

தேர்வாளர் எதையோ எழுதினார். பிறகு, அந்த ஆறடி நாயகி எங்கே என்று விசாரித்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் தலையைக் குனிந்து உள்ளே வந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அம்மாள் அவரைக் கீழிருந்து மேல்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மதிப்பெண் தாளை ஃபியூஸ் அக்கா பக்கம் திருப்பி வைத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி அழுவதைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"மூணாவது வருஷமா?" என்றார் மெதுவாக.

"இல்ல," என்றாள். "இன்னிக்கு ராத்திரி சமையல் நான்."